முதல் கப்பல் சிறியதாக இருக்கட்டும்!

கடைக் கண்ணாடிக்குள் ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டியின் மேல் அழகான வண்ணப்படம். மூன்று பாய்மரங்கள், வரிசை வரிசையாகப் பீரங்கிகள், சிலந்தி வலைபோல் பின்னிக்கிடக்கும் கயிறுகள்!

பார்த்தவர் மயங்கிவிடுகிறார். பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே கப்பல் இல்லை. வெட்டிய மரத்துண்டுகள், மெல்லிய பலகைக் கீற்றுகள், நூல் கண்டுகள், சில பித்தளைச் சாமான்கள், ஒரு பெரிய வரைபடம். இவ்வளவுதான். கப்பலை அவரேதான் கட்டவேண்டும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பலருக்குப் பொழுதுபோக்கு. பழைய காலத்துப் பாய்க்கப்பலை மரத்தில் சின்னதாகச் செய்து வீட்டுக் கூடத்தில் வைப்பார்கள். நல்ல பொழுதுபோக்கு. அதில் சந்தேகம் இல்லை. ஆனால், உளி பிடித்து அறியாதவர் முதல் தடவையே பெரிய போர்க்கப்பலை வாங்குவது சரியா?

சரியில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுகிற காரியம் அது.

104 பீரங்கிகள்!

இப்படி ஆசை காட்டும் கப்பல்களில் முக்கியமானது 'விக்டரி'. இங்கிலாந்தில் சாத்தம் என்ற ஊரில் கட்டப்பட்டு, 1765-ம் ஆண்டில் தண்ணீரில் மிதக்கவிடப்பட்ட கப்பல் அது. 1805-ம் ஆண்டில் நடந்த டிரபால்கர் போரில் கடற்படைத் தலைவர் நெல்சன் இந்தக் கப்பலில்தான் இருந்தார். குண்டடிபட்டு, இதிலேயே உயிர் துறந்தார்.

அந்தப் போரின்போது விக்டரியில் இருந்த பீரங்கிகள் 104. ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு மர வண்டி உண்டு. வண்டிக்கு 4 சக்கரம். எல்லாவற்றையும் முழுமையாகச் செய்ய நினைத்தால் சக்கரங்கள் மட்டும் 416! ஒவ்வொன்றும் மிளகு அளவு.

பீரங்கியாவது பரவாயில்லை. கயிறு இருக்கிறதே, அதுதான் கஷ்டம். மாலுமிகள் பாய்மரத்தில் ஏறுவதற்குக் கயிற்று ஏணிகள் உண்டு. மாதிரிக் கப்பலில் அவற்றை நூலால் கட்டவேண்டும். ஒவ்வொரு படிக்கும் பல முடிச்சுகள். இப்படி எத்தனையோ நூறு முடிச்சுகள். ஒன்று இறுகிவிட்டால் ஏணி கோணலாகிவிடும்.

பழகிய கைகளுக்கே இது வருஷக்கணக்கில் பிடிக்கும் வேலை. புதியவர் என்ன செய்வார்? முதல் மாதம் இராப்பகலாக உட்காருவார். இரண்டாவது மாதம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்புறம் பெட்டி பரணுக்குப் போய்விடும். 'உங்கள் கப்பல் எப்போது புறப்படும்?' என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவரிடம் பதில் இராது.

பணம் போனதுகூடப் பெரிய நஷ்டம் அல்ல. 'என் கைக்கு இந்த வேலை வராது' என்று அவர் முடிவு கட்டிவிடுகிறாரே, அதுதான் பெரிய நஷ்டம். அவர் கையில் ஒரு குறையும் இல்லை. வாங்கிய பெட்டிதான் தவறு.

வயிறு பெரிது, மூக்கு சிறிது

அப்படி என்ன கஷ்டம்? கொஞ்சம் பார்க்கலாம்.

கப்பலுக்கு முதுகெலும்பு போன்றது அடிக்கட்டை. அதை 'ஏரா' என்பார்கள். அதன்மேல் குறுக்காகச் சட்டங்கள் நிற்கும். அவை விலா எலும்புகள் போல. அந்தச் சட்டங்களின்மேல் பலகைக் கீற்றுகளை ஒட்டினால் கப்பலுக்கு உடம்பு வந்துவிடும்.

சொல்வதற்கு எளிது. ஆனால் கப்பலுக்கு வயிறு பெரிது, மூக்கு சிறிது. நடுப்பகுதியில் ஏராவிலிருந்து மேல் விளிம்புவரை நூல் பிடித்து அளந்தால் அளவு அதிகம். மூக்கருகே அளந்தால் குறைவு. வயிற்றை மூடிய அதே பலகைகள் மூக்கையும் மூடவேண்டும் அல்லவா? ஆகவே, பலகைகள் முன்னே போகப்போக ஒடுங்கவேண்டும். எவ்வளவு ஒடுங்கவேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, கத்தியால் சீவவேண்டும்.

புதியவர் சீவுவதில்லை. அப்படியே ஒட்டிக்கொண்டு போகிறார். பாதி தூரம் சரியாகத்தான் இருக்கும். மூக்கை நெருங்கியதும் ஒரு பலகை இன்னொன்றின்மேல் ஏறுகிறது. பலத்தைக் காட்டி அழுத்துகிறார். படார்! பலகை ஒடிந்துவிடுகிறது.

அவசரப்பட்டால் மரம் வளையாது. கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும். மெல்ல வளைத்து, துணிக்குப் போடும் கிளிப்பால் கவ்வி, காயவிட வேண்டும். காய்ந்த பிறகுதான் பசை. அதிலும் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. ஏரா முறுக்கிக்கொள்ளும். இடப்பக்கம் ஒரு பலகை, வலப்பக்கம் ஒரு பலகை என்று மாற்றி மாற்றி ஒட்டவேண்டும்.

இதையெல்லாம் ஒரு சிறு படகில் தவறு செய்து பழகலாம். 104 பீரங்கிக் கப்பலில் பழகக்கூடாது.

டோரி

அமெரிக்காவில் 'மாடல் ஷிப்வேஸ்' என்ற பெயரில் வரும் பெட்டிகளில், புதியவர்களுக்கென்றே மூன்றை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். டேவிட் ஆன்ட்ஷெர்ல் என்ற கைதேர்ந்த கலைஞர் வடிவமைத்தவை. முதல் பெட்டி டோரி என்ற மீன்பிடி படகு. இரண்டாவது, நார்வே நாட்டுச் சிறு பாய்ப்படகு. மூன்றாவதுதான் பாய்மரம், கயிறு எல்லாம் உள்ள கப்பல். சிங்கி இறால் தொழிலில் ஓடிய ஒற்றைப் பாய்மரக் கப்பல் அது. இந்த வரிசைதான் சரியான வரிசை.

டோரியை நிஜத்தில் 24-ல் ஒரு பங்காகச் செய்யவேண்டும். தட்டையான அடிப்பாகம். பக்கத்துக்குச் சில பலகைகளே. அவற்றை வடிவாக வெட்டியே கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகைமேல் சற்றே ஏறி நிற்கவேண்டும். இதைச் சரியாக ஒட்டிவிட்டால் படகு உருவாகிவிடும். தவறாக ஒட்டினாலும் பயமில்லை. வெள்ளைப் பசை, ஈரமும் சூடும் பட்டால் இளகிக்கொடுக்கும். பிரித்து மறுபடி ஒட்டலாம்.

'படகா? கப்பல் செய்யலாம் என்றல்லவா வந்தேன்!' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். டோரியின் கதை தெரிந்தால் சுளிக்கமாட்டார்கள்.

நியூபவுண்ட்லாந்து தீவுக்கு அப்பால் கிராண்ட் பாங்க்ஸ் என்ற மீன்வளம் மிகுந்த கடற்பகுதி இருக்கிறது. பாய்க்கப்பல்கள் அங்கே செல்லும்போது டோரிகளை ஒன்றுக்குள் ஒன்றாக, அடுக்குச் சட்டிபோல் மேல்தளத்தில் அடுக்கிக்கொண்டு போகும். மீன் இருக்கும் இடம் வந்ததும் டோரிகளை இறக்குவார்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் அல்லது இருவர். கப்பலை விட்டு வெகுதூரம் துடுப்புப் போட்டுச் சென்று மீன் பிடிப்பார்கள். திடீரென்று மூடுபனி கவிந்தால் கப்பல் கண்ணுக்குத் தெரியாது. திரும்பி வராதவர்கள் பலர்.

1883-ம் ஆண்டு ஜனவரி மாதம். ஹோவர்டு பிளாக்பர்ன், டாம் வெல்ச் என்ற இருவர் டோரியில் சென்றபோது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. கப்பலைத் தவறவிட்டுவிட்டார்கள். பிளாக்பர்னின் கையுறைகளும் போய்விட்டன. விரல்கள் விறைத்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்தது. விறைத்த பிறகு துடுப்பைப் பிடிக்க முடியாதே! என்ன செய்தார் தெரியுமா? துடுப்பைப் பிடித்த நிலையிலேயே விரல்களை உறையவிட்டார்!

வெல்ச் படகிலேயே இறந்துபோனார். பிளாக்பர்ன் அந்தக் கைகளால் துடுப்பு வலித்து, ஐந்தாவது நாள் நியூபவுண்ட்லாந்து கரையை அடைந்தார். விரல்களை எல்லாம் இழந்தார். ஆனால் கடலை விடவில்லை. 1899-ம் ஆண்டில் அமெரிக்காவின் குளஸ்டர் நகரிலிருந்து, அதே பெயருள்ள இங்கிலாந்து நகருக்குத் தன்னந்தனியே பாய்ப்படகில் சென்றார். 62 நாள் பயணம்!

அப்படிப்பட்ட படகு கூடத்தில் இருந்தால் அது விக்டரிக்குக் குறைந்ததா?

பையன் கையில் கொடுங்கள்

வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அவனையும் அவளையும் பக்கத்தில் உட்கார வைக்கலாம். கத்தி வேலை பெரியவருடையது. உப்புக் காகிதம் தேய்ப்பது, கிளிப் போடுவது, பசை காயும்வரை காத்திருப்பது எல்லாம் பிள்ளையுடையது. சில தகப்பனார்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுகிறார்கள். கடைசியில் பிள்ளைக்கு மிஞ்சுவது வெறும் பெட்டிதான்.

டோரி முடிந்ததும் நார்வே படகு. அதன் பிறகு ஒற்றைப் பாய்மரக் கப்பல். இந்த மூன்றும் முடியச் சில மாதங்கள் ஆகலாம். ஒரு வருஷமும் ஆகலாம். ஆகட்டுமே! விக்டரி எங்கும் போய்விடாது. 1922-ம் ஆண்டு முதல் அது போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில், தண்ணீர் இல்லாத துறையில் அசையாமல் நின்றுகொண்டிருக்கிறது.