தொண்டர் என்று பெயரிட்டுச் சுரண்டுவதோ?

ஒருவன் பிறனுடைய காணியை, உரியவனுக்கு வாரமோ குத்தகையோ செலுத்தாது, பத்தாண்டு காலம் இடையூறின்றித் தனதாகவே ஆண்டு வருவானாயின், அக்காணி அவனுக்கே உரித்தாகும் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் விதி. ஆட்சியுரிமை எனப்படும் இவ்விதியை நமது கமக்காரர் ஒவ்வொருவரும் அறிவர். வேலி வழக்குகளிலே இதன் பெயரால் நாம் இறைத்த பணமும் கொஞ்சமன்று. பிறன் நிலத்தைப் பத்தாண்டு ஆண்டவனுக்கு உரிமை வழங்கும் இந்நாட்டிலே, பிறர் பிள்ளைகளுக்குப் பத்தாண்டு எழுத்தறிவித்தவருக்கு என்ன உரிமை உண்டு? தொண்டர் ஆசிரியர் என்ற பெயரன்றி வேறெதுவும் இல்லை.

அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை செல்லாது எனச் சட்டம் கற்றோர் மறுப்பர். உண்மையே, அச்சட்டமே அதற்கு விலக்களிக்கின்றது. ஆனால் அரசின் காணி எதனையும் நாம் கேட்கவில்லை. ஊதியமின்றிப் பெற்ற உழைப்புக்கு அரசு கணக்குத் தீர்த்தல் வேண்டும் என்றே கேட்கின்றோம்.

இத்தொண்டர்கள் எங்ஙனம் தோன்றினர்? 1995ஆம் ஆண்டின் வலிகாம இடப்பெயர்விலிருந்து 2009ஆம் ஆண்டின் பேரழிவு வரை, நமது பாடசாலைகள் ஊர் ஊராகப் பெயர்ந்தன. மர நிழலிலும் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. நியமனம் பெற்ற ஆசிரியர் பலர் செல்ல இயலாத, அன்றிச் செல்ல விரும்பாத இடங்களிலே, க.பொ.த. உயர்தரம் கற்ற ஊர்ப் பிள்ளைகள் கரும்பலகையின் முன் நின்றனர். பெற்றார் சேர்த்துக் கொடுத்த சிறுதொகையே அவர்களது வேதனம்; பல இடங்களில் அதுவுமில்லை. பின்னர் அவர்களிற் பலர் கட்டங்கட்டமாக நியமனம் பெற்றனர். எஞ்சியோர் நேர்முகத் தேர்வுக்கும் உண்ணாவிரதப் பந்தலுக்குமாக அலைந்து நரைகண்டனர்.

அவர்களுக்கு ஆள்வோர் அளிக்கும் விடைகள் மூன்று. அம்மூன்றையும் நிறுத்துப் பார்ப்போம்.

அழையாமல் தாமாகவே வந்தனர் என்பது முதல் விடை. அறுவடை நாளிலே வயலில் இறங்கிய ஒருவனிடம் மாலை வரை வேலை வாங்கி, நெல்லையும் வீட்டிற் சேர்த்த பின்னர், ‘உன்னை யார் அழைத்தது?’ என்று கேட்கும் கமக்காரனை ஊர் என்ன சொல்லும்? அதிபர் நேரசூசியில் அவர்கள் பெயரை எழுதினார். வரவுப் பதிவேட்டில் அவர்கள் ஒப்பமிட்டனர். பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில் அவர்கள் இட்ட புள்ளிகள் உள்ளன. வலயக் கல்வி அலுவலகத்தார் பாடசாலைக்கு வந்தபோது அவ்வகுப்பையும் கண்டே சென்றனர். அதிகாரமற்றோர் எனின், நமது பிள்ளைகளை ஏன் அவர்கள் கையில் ஒப்படைத்தீர்? அதிகாரம் பெற்றோர் எனின், கூலி எங்கே?

தராதரம் இல்லை என்பது இரண்டாவது விடை. தராதரப் பத்திரம் கடைத்தெருவில் விற்கும் பண்டமன்று. அதனை வழங்கும் கதவு அரசின் கையில் உள்ளது. தேசிய கல்வியியற் கல்லூரிகள் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அங்கே உயர்தரம் சித்தியடைந்த இளைஞர் ஈராண்டு கல்லூரியிலும் ஓராண்டு பாடசாலையிலுமாகப் பயின்று டிப்ளோமா பெறுகின்றனர். சேவையிலிருக்கும் பயிற்றப்படாத ஆசிரியருக்கெனக் கோப்பாயிலும் மட்டக்களப்பிலும் கொட்டகலையிலும் எழுந்தவை ஆசிரியர் கலாசாலைகள். கதவைப் பூட்டித் திறப்பைத் தம் மடியில் வைத்துக்கொண்டு, ‘நீ ஏன் உள்ளே வரவில்லை?’ என வினவுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

வயது கடந்துவிட்டது என்பது மூன்றாவது விடை. யார் செலவழித்த வயது அது? இருபத்திரண்டில் வகுப்பேறியவரை நாற்பது வரை வைத்திருந்துவிட்டு, நாற்பதைக் காட்டி வெளியேற்றுவதினும் கொடிய ஏளனம் உண்டோ?

இவர்களைப் பயிற்றுதல் இயலாத காரியம் என்பார் மலையகத்தைப் பார்க்கட்டும். தோட்டத்துப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். அதன் பின்னரும் பயிற்றப்பட்ட ஆசிரியர் பஞ்சம் அங்கே தீரவில்லை. 2014ஆம் ஆண்டிலே தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களைச் சேர்க்க அரசு விண்ணப்பம் கோரிற்று. அவர்கள் கற்பித்துக்கொண்டே பயிற்சியை முடித்தல் வேண்டும். முடித்தோர் இலங்கை ஆசிரியர் சேவையிற் சேர்க்கப்படுவர் என்பது ஏற்பாடு. வழி நேரியது, வழிச்செலவுதான் வெட்கத்துக்குரியது. தொடக்கத்தில் அவர்கள் பெற்ற மாதப்படி 6,000 ரூபா. போராடிய பின் 10,000 ரூபா. தனியார் துறையில் எத்தொழிலாளிக்கும் மாத வேதனம் 10,000 ரூபாவிற் குறையலாகாது என 2016ஆம் ஆண்டிலே சட்டமியற்றிய அதே அரசுதான், தன் ஆசிரியருக்கு அத்தளத்தையே கூரையாக்கிற்று. ஆயினும் கற்பித்தவாறே பயிலுதல், பயின்றபின் நியமனம் என்னும் வழி இந்நாட்டிற் புதிதன்று என்பது அங்கே நிறுவப்பட்டுவிட்டது. அவ்வழியை உரிய வேதனத்தோடு வன்னிக்கும் வாகரைக்கும் திறக்கத் தடை யாது?

மாகாணத்தைக் கேட்டால், ஆளணியும் பணமும் கொழும்பின் கையில் என்பர். கொழும்பைக் கேட்டால், 13ஆம் திருத்தத்தின்படி மாகாணப் பாடசாலைகளின் ஆசிரியர் நியமனம் மாகாணத்தின் பொறுப்பு என்பர். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலும் வட மாகாண சபையின் காலம் 2018இலும் முடிந்தன. பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படவில்லை. கேட்பதற்கு வாக்காளனுக்கு ஒரு சபையும் இல்லாதபடி செய்துவிட்டு, பந்தை இங்குமங்கும் உருட்டுகின்றனர்.

ஆள்வோரை மட்டும் சாடி அமைவது நேர்மையன்று. நமது அரசியல்வாதிகளிற் சிலர் இத்தொண்டர்களைத் தேர்தற் பயிராக வளர்த்தனர். வாக்குக் கேட்கும் காலத்தில் பெயர்ப் பட்டியல். வென்ற பின் சிபாரிசுக் கடிதம். அடுத்த தேர்தலுக்கு மீண்டும் அதே பட்டியல். கரும்பலகையைத் தொட்டறியாதோர் பெயர்கள் அப்பட்டியல்களில் ஏறியபோது, உண்மையாகக் கற்பித்தவர் கீழே தள்ளப்பட்டார்.

படித்த பெருமக்களே, நாமும் தப்ப முடியாது. யாழ்ப்பாண நகரிலும் வலிகாமத்திலும் ஆசிரியர் நெருக்கமாக நிற்க, முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வகுப்புகள் வெறுமையாய்க் கிடப்பதேன்? வன்னிக்கு நியமனம் பெற்ற நம் மகனையும் மருமகளையும் ஊருக்கு இழுத்துவர யார் யார் படியேறினோம்? நாம் வெறுமையாக்கிய நாற்காலியிலேதான் அந்தத் தொண்டர் ஊதியமின்றி அமர்ந்தார்.

ஆகவே எமது கோரிக்கையைத் தெளிவாகக் கூறுவோம். எல்லோரையும் இன்றே நிரந்தரமாக்குக என்று யாம் கூறவில்லை. நியமனம் தொண்டருக்கு அளிக்கும் நிவாரணம் மட்டுமன்று. பயிற்றப்பட்ட ஆசிரியரிடம் கற்பது கமக்காரன் பிள்ளையின் உரிமையுமாகும். ஆசிரியர் பற்றாக்குறைக்கு எடுக்கும் நடவடிக்கை விதிவிலக்காக இருத்தல் வேண்டும், தொழிலின் தரத்தைக் கெடுக்கலாகாது என 1966ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் தாபனமும் ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரையிற் கூறின. விதிவிலக்கையே விதியாக்கியதுதான் இந்நாடு செய்த காரியம்.

முதலாவது, கற்பித்தோர் யாவர் என்பதைப் பாடசாலையின் வரவுப் பதிவேடும் நேரசூசியும் சம்பவத் திரட்டுமே தீர்மானிக்கட்டும். சிபாரிசுக் கடிதம் வேண்டா. அப்பட்டியலை வலய அலுவலகத்தின் வாயிலில் ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, முடிவு கட்டுக. இரண்டாவது, பட்டியலில் நின்றோருக்கு வேதனத்தோடு ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி தருக; தொடக்கத்துக்கும் முடிவுக்கும் திகதி குறிக்குக. மூன்றாவது, சித்தியடைந்தோருக்கு வயதெல்லையைத் தளர்த்தி, அவர்கள் கற்பித்த வலயத்திலேயே ஐந்தாண்டு கட்டாய சேவையோடு நியமனம் வழங்குக. நான்காவது, அதன்பின் நியமனக் கடிதமும் வேதனமுமின்றி எவரையும் வகுப்பிற் புகவிடற்க. இல்லையேல் இன்னும் பத்தாண்டில் வேறொரு தொண்டர் கூட்டம் இதே பந்தலில் அமரும்.

தொண்டர்களுக்கு ஒரு சொல். கல்வியில் எல்லோருக்கும் சமவாய்ப்பு என்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை உரைப்பதைக் கண்டு மகிழாதீர். அதனை நீதிமன்றில் வலியுறுத்த இயலாது என 29ஆம் உறுப்புரை தடுக்கின்றது. உங்கள் படைக்கலம் சமத்துவத்தைக் காக்கும் 12ஆம் உறுப்புரை. ஆனால் உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றை நாடுதல் வேண்டும் என 126ஆம் உறுப்புரை விதிக்கின்றது. மேடையிற் பெற்ற வாக்குறுதி நீதிமன்றில் நில்லாது, எழுத்தே நிற்கும். ஆதலால் அதிபரின் கடிதத்தையும் நேரசூசியின் பிரதியையும் பதிவேட்டின் பிரதியையும் இன்றே பெற்று வைப்பீராக. உங்களுக்கு எதிரான முடிவு கைக்கு வந்த அன்றே வழக்கறிஞரை நாடுவீராக.

சைவப் பிள்ளைகள் மதம் மாறாது ஆசிரியராதல் வேண்டும் என்று 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் பாடசாலைகளோடு நின்றுவிடவில்லை. திருநெல்வேலியிலே ஆசிரிய கலாசாலையையும் நாட்டிற்று. பாடசாலையின் உயிர் பயிற்றப்பட்ட ஆசிரியரிடம் உள்ளது என்பதை அம்முன்னோர் அறிந்திருந்தனர். அவ்வறிவை நாம் இழந்தோமா? வாக்குக் கேட்டு வருவோரிடம் இந்நான்கு கோரிக்கைகளையும் நீட்டி, ஒப்பமிட்டுத் தருக எனக் கேளுங்கள். ஒப்பமிட மறுப்பவருக்கு உங்கள் வாக்கை மறுத்திடுங்கள்.