பின் ஷாக் மவுண்ட்டும் ஒரு மூடநம்பிக்கையும்

பழைய பிஎம்டபிள்யூ வைத்திருக்கும் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் போதும். அரை மணி நேரத்துக்குள் ஒருத்தர் "பின்னாடி ஷாக் மவுண்ட் மாத்திட்டியா?" என்று ஆரம்பித்துவிடுவார். இல்லை என்றால், குலதெய்வத்துக்கு முடி இறக்காதவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை. கம்பெனி ரப்பர் மவுண்ட்டையே புதுசாகப் போட்டேன் என்றால் அது கணக்கில் சேராதாம். அலுமினியம், பாலியூரித்தேன், உள்ளே உருண்டை பேரிங் என்று 'அப்கிரேட்' பண்ணியிருக்க வேண்டுமாம்.

ஜெர்மனிக்குப் படிக்க வந்த இந்த இரண்டு வருடத்தில் இதே பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பகுதி நேர வேலையில் தட்டு கழுவிச் சேர்த்த காசைக் கொண்டுபோய் இதில் கொட்டும் பசங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால் இந்தப் பதிவு. தினமும் ஓட்டுகிற காருக்கு இந்தக் கெட்டி மவுண்ட் வீண் செலவு. காசு கொடுத்துக் காரைக் கெடுத்துக்கொள்கிற செலவு என்றும் சொல்லலாம்.

கார் தெரியாத மக்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 1990-ல் வந்த இ36, 1998-ல் வந்த இ46, இவற்றின் எம்3 வகைகள் எல்லாவற்றிலும் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் வேலை ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான். அதன் மேல் முனையை பாடியோடு இணைப்பதுதான் இந்த மவுண்ட். உலோகத்துக்குள் ரப்பர் வைத்து ஒட்டிய ஒரு சின்ன சாமான். டிக்கியின் பக்கவாட்டு விரிப்பைக் கழற்றினால் இரண்டு நட்டு தெரியும். அவ்வளவுதான் மேட்டர்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இந்தக் கார்களில் கம்பெனி மவுண்ட் கிழியும். ஊரறிந்த சங்கதி. ரப்பர் கிழிந்தால் மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போது டிக்கியிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வரும். அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ஷாக் தண்டு பாடித் தகட்டைக் கீழிருந்து குத்த ஆரம்பிக்கும். கடைசியில் தகடே கிழியும். அதை வெல்டிங் வைத்துச் சரி பண்ணுகிற செலவில் நாலு செட் மவுண்ட் வாங்கலாம். ஆகவே மவுண்ட்டை மாற்றுவது வேண்டாத வேலை என்று நான் சொல்லவே இல்லை. எதைப் போட்டு மாற்றுகிறோம் என்பதுதான் சண்டை.

நண்பன் ஒருத்தன் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய இ46 வைத்திருக்கிறான். போன வருடம் கெட்டி மவுண்ட் போட்டுவிட்டு வந்து, "மச்சி, வண்டி தண்டவாளத்துல போற மாதிரி போகுதுடா" என்றான். கழற்றிய பழைய மவுண்ட்டைப் பார்த்தேன். ரப்பர் முழுக்கப் பிரிந்து, நடுத்துண்டு தனியாகக் கையோடு வருகிறது! கூடவே ஷாக் அப்சார்பரையும் புதுசாக மாற்றியிருக்கிறான். அந்த வண்டியில் எதைப் புதுசாகப் போட்டிருந்தாலும் தண்டவாளத்தில்தான் போயிருக்கும். இருபது வருடப் பழைய செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுச் செருப்பு போட்டவன், "இந்தக் கம்பெனி தோலே தனி ரகம்" என்கிற கதை இது. புது ரப்பர் மவுண்ட் ஒன்று, புதுக் கெட்டி மவுண்ட் ஒன்று, ஷாக், டயர் எல்லாம் அதே, எது எதில் இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியக்கூடாது. இப்படி ஓட்டிப் பார்த்துப் பேசியவர் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

சரி, கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்படாதீங்க, பிளஸ் டூ கணக்குதான். எண்கள் உதாரணத்துக்கு நானே வைத்துக்கொண்டவை, விருப்பம் போல மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரப்பரின் விறைப்பு ஒரு மில்லிமீட்டருக்கு 300 நியூட்டன். ஷாக்கின் எதிர்ப்பு, ஒரு மீட்டர்/விநாடி வேகத்துக்கு 2000 நியூட்டன். வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் காரின் உடம்பு ஆடுவது விநாடிக்கு ஒன்றரை தடவை போல. 30 மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் ஷாக்கில் வரும் உச்ச விசை சுமார் 565 நியூட்டன். அதற்கு ரப்பர் அமுங்குவது இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லை. அதாவது 6 சதவீதம். இந்த அமுக்கமும் ஷாக்கின் ஓட்டமும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை என்பதால், ஷாக் உண்மையில் இழக்கிற ஓட்டம் 1 சதவீதம் கூடத் தேறாது. "ரப்பர்தான் ஹேண்ட்லிங்கைக் கெடுக்குது" என்று சொல்லும் அண்ணன்மார்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கணும்.

இப்போது கருங்கல் பாவிய பழைய தெருவுக்கு வாங்க. அங்கே அதிர்வு விநாடிக்கு 20 தடவை என்று வையுங்கள், அளவு ஒரு மில்லிமீட்டர். அதே கணக்கில் பாதிக்கு மேல், சுமார் 64 சதவீதத்தை ரப்பரே வாங்கிக்கொள்கிறது. உடம்பை அடக்கும் வேலையில் குறுக்கே நிற்காமல், பொடி அதிர்வை மட்டும் பிடித்து வைக்கிற சாமான் அது. ரப்பரை வைத்த எஞ்சினியர் காசு மிச்சம் பிடிக்க வைக்கவில்லை ஐயா! அதை எடுத்துவிட்டுக் கெட்டி உலோகத்தை வைத்தால் அந்த அதிர்வு முழுக்க பாடிக்கு ஏறும். டிக்கி ஒரு பெரிய தகரப் பெட்டி. மிருதங்கம் கேட்க வேண்டுமா என்ன.

நடுவில் ஒரு இடம் இருக்கிறது. சக்கரம் மட்டும் தனியாகத் துள்ளுவது விநாடிக்கு 10 முதல் 15 தடவை. அங்கே கெட்டி மவுண்ட்டுக்குக் கொஞ்சம் லாபம் உண்டு, சக்கரத்தை ஷாக் சற்று இறுக்கமாகப் பிடிக்கும். 20.8 கிலோமீட்டர் நூர்பர்க்ரிங் வளையத்தில் நேரம் பார்த்து ஓட்டுகிறவர், ரேஸ் டயரும் ரேஸ் ஷாக்கும் போட்டவர், தாராளமாகப் போடட்டும். பல்கலைக்கழகத்துக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் ஓட்டுகிற நமக்கு அந்த லாபம் கையில் சிக்காது. சத்தம் மட்டும் தினமும் சிக்கும்.

இந்த மூடநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது என் ஊகம்: முன்பக்கத்திலிருந்து. முன்னால் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். அங்கே மேல் மவுண்ட் காரின் எடையையும் தாங்குகிறது, ஸ்டியரிங்கோடு திரும்புகிறது, சக்கரம் சாயும் கோணமும் அதைப் பொறுத்தது. அங்கே கெட்டியாக்கினால் ஸ்டியரிங்கில் உடனே தெரியும். பின்னால் இந்த வேலை எதுவும் மவுண்ட்டுக்குக் கிடையாது. முன்னால் ருசி கண்டவர்கள் பின்னாலும் அதே இலை போட்டுவிட்டார்கள் :)

ஒரே ஒரு விதிவிலக்கு. ஸ்பிரிங்கைப் பழைய இடத்திலிருந்து எடுத்து ஷாக்கின் மேலேயே ஏற்றுகிற காயில்ஓவர் மாட்டினால், காரின் பின்பக்க எடை முழுக்க மவுண்ட் மேல் வந்துவிடும். கம்பெனி ரப்பரும் தாங்காது, அந்தத் தகடும் அதற்காகச் செய்ததில்லை. அப்போது கெட்டி மவுண்ட்டும் தகட்டுக்குப் பலமும் கட்டாயம். ஆனால் அந்த வேலை செய்தவர் 'தினசரி ஓட்டுற வண்டி' என்ற பேச்சையே விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, ஆயுள். 'ஒரு தடவை போட்டா ஜென்மத்துக்கும் போதும்' என்கிறார்கள். உருண்டை பேரிங்குக்குள் இந்த ஊர்க் குளிர்காலத்து உப்பும் மண்ணும் புகுந்தால் அதுவும் தேயும். தேய்ந்தால் கடகட. எந்த 'டொக் டொக்'குக்குப் பயந்து ஆரம்பித்தோமோ அதே இடம். தவிர, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் நாட்டில், சான்றிதழ் இல்லாத சாமானை சஸ்பென்ஷனில் மாட்டிவிட்டுப் பரிசோதகர் முன்னால் போய் நிற்கிற தைரியம் எனக்கில்லை.

அப்புறம் என்னதான் செய்வது? ஷாக் மாற்றும்போதெல்லாம் மவுண்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள், நல்ல தரமான ரப்பரிலேயே. இ46 கன்வெர்ட்டிபிளுக்கு வந்த சற்றுப் பலமான மவுண்ட் பொருந்தும். டிக்கி உள்ளே நட்டுக்கடியில் வைக்க இசட்3-க்கு வந்த கம்பெனி பிளேட் ஒன்று உண்டு. விசையைத் தகட்டில் பரப்பிவிடும், விலை சொற்பம், சத்தம் கிடையாது. மவுண்ட்டுக்கும் பாடிக்கும் நடுவே வரும் மெல்லிய கேஸ்கெட்டையும் மறக்காமல் புதுசாக வையுங்கள். மிச்சக் காசில் முதலில் டயர். அதற்கப்புறம் பின் ட்ரெய்லிங் ஆர்ம் புஷ். அது போயிருந்தால் மேலே எதைப் போட்டாலும் பின்பக்கம் தானாக ஸ்டியரிங் பிடிக்கும்.

இதற்கு மேலும் கெட்டி மவுண்ட்தான் வேண்டும் என்பவர்கள் போடுங்கள். ஆனால் அடுத்த குளிர்காலத்தில் என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு பெல்ஜியம் ரோட்டில் மட்டும் கூட்டிப் போகாதீர்கள். நான் ரயிலில் வந்துகொள்கிறேன்.