உடைத்தவன் குற்றவாளி, மீறியவன் முறையீட்டாளனா?

தியாகராயர் நகர்ப் பாண்டிக் கடைத்தெருவிலும், மயிலை மாடத்தெருக்களிலும், அடையாற்றிலும் நடந்து பாருங்கள்! கடைக்குக் கடை ஆங்கிலம் அரியணை ஏறியிருக்கும். தமிழோ மூலையில் எறும்பெழுத்தாய் ஒடுங்கிக் கிடக்கும். சிலவற்றில் அதுவும் இராது. காணும் தமிழிளைஞனின் குருதி கொதிக்கும். கல்லெடுக்கக் கை நீளும். இளைஞனே, அக்கையைச் சற்றே நிறுத்து! அஞ்சுவதற்காக அன்று, வெல்வதற்காக!

பலகையை உடைத்தால் நிகழ்வதென்ன? பிறர் உடைமைக்கு வேண்டுமென்றே கேடு செய்தலை, வெள்ளையன் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 425ஆம் பிரிவு குற்றமாக வரையறுத்தது. 2024 சூலை முதல் நாள் அதனிடத்தில் அமர்ந்தது, வடமொழிப் பெயர் சூடிய 'பாரதீய நியாய சங்கிதா'. அதன் 324ஆம் பிரிவு இழப்பை உருபாவால் அளக்கின்றது. சிற்றிழப்புக்கு ஆறு திங்கள் வரை சிறை. 20,000 உருபா முதல் ஓரிலக்கத்திற்குட்பட்டதாயின் ஈராண்டு வரை. ஓரிலக்கமும் அதற்கு மேலுமாயின் ஐந்தாண்டு வரை. கண்ணாடியின் விலையை நிறுக்கும் அந்த நிறைகோலில், தாய்மொழிக்கு நேர்ந்த இழிவை நிறுக்கத் தட்டே இல்லை!

வழக்குமன்றத்தில் என்ன சொல்லித் தப்புவது? கேடு செய்யும் எண்ணமோ, கேடு விளையுமென்னும் அறிவோ இல்லை என்பது ஒன்று. பெருங்கேட்டைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பது மற்றொன்று. அது, தீப்பரவலைத் தடுக்க வீட்டை இடிப்பவனுக்குப் பொருந்தும். "மொழிமானம் காக்க உடைத்தேன்" என்பதோ குற்ற எண்ணத்தை ஒப்புக்கொண்டதாகவே முடியும். பொய்யாக வழக்கில் சேர்க்கப்பட்டவர்களோ இழப்பு மதிப்பீட்டை வரிவரியாக ஆராய்ந்து மறுக்க வேண்டும். மிகைப்படுத்திய விலைச்சீட்டு ஒன்றே ஈராண்டை ஐந்தாண்டாக்கிவிடும்!

"நீல் சிலையை உடைக்க முனைந்தவர்கள் வீரர்கள் அல்லரோ?" என்று கேட்பீர்கள். ஐயமின்றி வீரர்களே! 1857 எழுச்சியின்போது மக்களைக் கொன்று குவித்த கொடியவன் நீல். அவன் சிலை மவுண்ட் சாலையில் நின்றது. 1927இல் அதை அகற்றக் கோரி அறப்போர் எழுந்தது. நெல்லைச் சோமயாசுலுவும் கடலூர் அஞ்சலையம்மாளும் அதில் முன்னின்றோர். தொண்டர்கள் பட்டப்பகலில் சிலையைத் தாக்கிச் சிறை புகுந்தனர். பத்தாண்டு கழித்து, 1937இல், இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவைக் காலத்தில் அச்சிலை அகற்றப்பட்டது. இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்துப் பழம்பொருள்!

ஆயின் வேறுபாட்டை உணர்க. அவர்கள் எதிர்த்தது அயலார் ஆட்சி நாட்டிய அடிமைச் சின்னத்தை. தனியொருவர் உடைமையை அன்று. சட்டம் முழுவதும் பகைவன் கையில் இருந்தது. இன்றோ, பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாய் இருத்தல் வேண்டுமென்று தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிகளே கூறுகின்றன. விதியை மீறியவன் வணிகன். நீ கல்லெறிந்த நொடியில் அவன் முறையீட்டாளன் ஆகிறான். நீ குற்றவாளி ஆகிறாய். விதியைச் செயற்படுத்தாது உறங்கிய அரசு நடுவர் வேடம் பூணுகிறது!

எனவே, தெருத்தெருவாய்ப் பலகைகளை நிழற்படம் எடுங்கள். தொழிலாளர் துறையில் எழுத்து வழி முறையிடுங்கள். எடுத்த நடவடிக்கை என்னவென்று 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். மறுமொழி இல்லையேல் உயர்நீதிமன்றப் படியேறுங்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன் தமிழன் அல்லன்; தமிழ்நாட்டில் தமிழை மறைத்து வாணிகம் செய்பவனே!