மதநீரும் மில்லிகிராமும்

சென்ற மாதம் ஒரு நூலுக்குப் பரிசு கொடுத்தார்கள். தேர்வுக் குழுவினர் அதைப் படித்தார்களா என்ற வம்புக்குள் நாம் போகவில்லை. அது ஆண்டுதோறும் வருவது. நூலின் வாதம்தான் நம்மைத் தூங்கவிடாமல் செய்கிறது. களிற்றின் கன்னத்தில் வழியும் மதநீரை வண்டு மொய்ப்பதாகச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். ஆகவே இன்று ஃபெரோமோன் என்று ஆய்வகம் சொல்வதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நாம் அறிந்திருந்தோம். ஓர் இதழ் இதைக் கொண்டாடிப் பக்கம் பக்கமாக எழுதியது. அடுத்த இதழிலேயே மறுப்பும் வந்தது: காதலே மூலக்கூறுதான், அகத்திணை அதன்மேல் போர்த்திய பட்டு. இரு தரப்பாரும் பகையாளிகள் போலப் பேசிக்கொள்கிறார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையையும் கடைசி வரை படிக்காத வகையில் இருவரும் பங்காளிகள்தான்.

அறிவதற்கு என்ன விலை என்று பார்ப்போம். 1959இல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனாண்டின் குழு, பட்டுப்பூச்சியின் பெண் காற்றில் விடும் ஃபெரோமோனை, அதாவது ஈர்ப்புப்பொருளைத் தனியே பிரித்து, அதன் அமைப்பையும் சொன்னது. பாம்பிகால் என்று பெயரிட்டார்கள். அதற்காக ஐந்து லட்சம் பெண் பூச்சிகளின் வயிற்று நுனிச் சுரப்பிகளை வெட்டி எடுத்தார்கள். சாறு இறக்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் ஆண் பூச்சியின் முன் நீட்ட வேண்டும். அது படபடவென்று சிறகடித்தால் பொருள் இந்தப் பகுதியில் இருக்கிறது. சும்மா இருந்தால் கழித்துவிட வேண்டியதுதான். ஏறத்தாழ இருபது ஆண்டு வேலை, நடுவில் ஓர் உலகப்போர். கடைசியில் கையில் நின்றது சில மில்லிகிராம். (பூட்டெனாண்டைப் புனிதராக்கிவிட வேண்டாம். 1936இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் அவர். 1939இன் நோபல் பரிசை வாங்கவிடாமல் அதே ஆட்சி தடுத்தது என்பதைச் சொல்கிறவர்கள் முந்தையதையும் சொல்ல வேண்டும்.)

ஐந்து லட்சம். பரிசு பெற்றவர் இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். நாளைக்கு நூறு பூச்சி என்று வைத்துக்கொண்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் ஒருவர் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தனை கத்தரியையும் பிடித்த கைகள் எவருடையவை என்று எந்தப் பாராட்டு விழாவிலும் கேட்பதில்லை. “அறிந்திருந்தோம்” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறவருக்கு அந்தக் கைகளைப் பற்றி என்ன கவலை?

பிரெஞ்சுப் பூச்சி ஆய்வாளர் ஃபாபரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருத்தலியமும் அமைப்பியலும் மாறி மாறி நம்மை ஆட்டிவைத்த காலத்திலும், பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஃபாபரைக் கைமாற்றிப் படித்த ஒரு சிறு கூட்டம் இருந்தது. ஃபாபர் ஓர் அந்துப்பூச்சிப் பெண்ணைக் கண்ணாடிக் கவிகைக்குள் வைக்கிறார். முந்தைய இரவு அது தங்கியிருந்த மணல் தட்டையும் வலைக்கூண்டையும் வேறொரு மூலைக்கு நகர்த்துகிறார். ஆண் பூச்சிகள் ஜன்னல் வழியே வருகின்றன. கண்ணெதிரே இருக்கும் பெண்ணைத் தாண்டிப் போய், அவள் இல்லாத கூண்டில் மொய்க்கின்றன. பாலைத்திணையில் இதற்கு ஈடாக ஒன்றை எழுதியவர் நம்மிடையே இருந்தால் அந்தப் பரிசை அவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். இத்தனைக்கும், வாசனைதான் காரணம் என்று சொல்ல ஃபாபர் வெகுகாலம் தயங்கினார். தம் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. நாஃப்தலீனைப் பரப்பி வைத்தும் பூச்சிகள் வழிதவறவில்லை. சான்று கைக்கு வரும்வரை மனிதர் பொறுத்திருந்தார்.

யானைக்கு வருவோம். அமெரிக்காவின் ஒரிகனில் பெட்ஸ் ராஸ்முஸன் ஆண்டுக்கணக்காக ஆசியப் பெண் யானைகளின் சிறுநீரைப் பகுத்துக்கொண்டிருந்தார். ஆண் யானை தும்பிக்கை நுனியால் அதைத் தொட்டு மேலண்ணத்தில் வைத்துப் பார்க்கும். அந்தச் செய்கைதான் அவருக்கு அளவுகோல். 1996இல் வெளியான முடிவு: பெண் யானை தான் இணைசேரும் பருவத்தை அறிவிக்கும் மூலக்கூறும், நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பயன்படுத்தும் மூலக்கூறும் ஒன்றே. அதற்காக அந்துப்பூச்சி யானையைத் தேடி வராது; பூச்சிகள் பல பொருள்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தே பேசுகின்றன. 2002இல் அவர் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். முதன்முதலாக மதம் கொள்ளும் இளங்களிறுகளின் மதநீர் தேன்போல மணக்கிறது, முதிர்ந்தவற்றின் மதநீர் நாறுகிறது. அக்கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவர் வி. கிருஷ்ணமூர்த்தி, நம் வனத்துறையில் யானைகளோடு வாழ்ந்த கால்நடை மருத்துவர். அவரைப் பற்றிய கதையைப் படித்துக் கண்ணீர் விட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையைப் பற்றி அவர்களில் ஒருவரும் நம்மிடம் பேசியதில்லை. முன்னோர் அறிந்ததாகச் சொல்லப்படுவதைக் கொண்டாட நமக்கு நேரமிருக்கிறது, நேற்று இருந்த ஒருவர் உண்மையாகவே கண்டறிந்ததைப் புரட்டிப் பார்க்க இல்லை.

புலவர்கள் காட்டில் நின்றார்கள், முகர்ந்தார்கள், பார்த்தார்கள். அந்தப் பெருமை போதாதா? அவர்களை வேதியியலாளர்கள் ஆக்கினால்தான் மரியாதையா?

மறுப்பு எழுதிய நண்பருக்கு வேறு மயக்கம். 2014இல் டோக்கியோ ஆய்வாளர்கள் பட்டுப்புழுவின் பெண்பாலைத் தீர்மானிப்பது ஏறத்தாழ முப்பது எழுத்து நீளமே உள்ள ஒரு சின்ன ஆர்.என்.ஏ. என்று காட்டினார்கள். ஆண்மைக்கு வழிசெய்யும் ஒரு மரபணுவின் செய்தியை அது துண்டாடிவிடுகிறது. நண்பர் இதைப் பிடித்துக்கொண்டு ஆண்பால் பெண்பால் பற்றி ஒரு தத்துவமே கட்டிவிட்டார். அந்த ஆய்வாளர்கள் பட்டுப்புழுவைப் பற்றி மட்டுமே பேசினார்கள். மனிதரிடம் ஃபெரோமோன் என்று ஒரு மூலக்கூறும் இன்றுவரை பூட்டெனாண்ட் வைத்த கட்டளைக்கல்லில் தேறவில்லை. தேறியதாக வாசனைத்திரவியப் புட்டிகளின் மேல்தான் அச்சிட்டிருக்கிறார்கள்.

ஆண் பூச்சி சிறகடிக்காவிட்டால் கழித்துவிடு என்ற அந்த ஒழுங்கு நம் விமர்சனத்தில் எங்கே இருக்கிறது? நம் கோட்பாடுகளில் எதையும் நாம் கழித்ததில்லை. கட்டுடைப்பு வந்ததால் அமைப்பியல் போகவில்லை, தமிழ்மரபு வந்ததால் கட்டுடைப்பு போகவில்லை. எல்லாம் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்த பத்தியில் குடியிருக்கின்றன. எந்த வாசகரின் எதிர்வினை வந்தால் நம் கருத்து தவறென்று ஒப்புக்கொள்வோம் என்று எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முப்பது ஆண்டு இலக்கியச் சண்டைகளில் ஒரு கருத்தாவது செத்ததா?

செய்யக்கூடிய வேலை ஒன்று கண்முன் கிடக்கிறது. சங்கப் பாடல்களில் வண்டு மொய்க்கும் களிறுகளில் எத்தனை இளையவை, எத்தனை முதிர்ந்தவை? வயதுக்குறிப்பே இல்லாதவை எத்தனை? பாட்டையும் பாடவேறுபாட்டையும் வைத்து யாராவது முழுப்பட்டியல் அனுப்பினால், முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், வெட்டாமல் வெளியிடுகிறோம். சன்மானம் கிடையாது, இரண்டு பிரதி அனுப்புவோம்.