உலோக நஞ்சுக்குப் பழம் மருந்தாகுமா?

கொச்சி: பெரியாற்றில் 2024-ஆம் ஆண்டு மே மாதம் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. ஏலூர் அருகே பாதாளம் தடுப்பணையின் மதகுகள் திறக்கப்பட்டதை அடுத்து, வராப்புழை, கடமக்குடி வரை கூண்டு மீன் வளர்ப்போர் போட்ட முதலை இழந்து நின்றனர். நீரில் பிராணவாயு குறைந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அமோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் மிகுந்திருந்ததைக் கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு சுட்டிக்காட்டியது.

செத்த மீன் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே கூக்குரல் எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத வேறொரு நஞ்சு இதே ஆற்றில் பல்லாண்டுகளாகப் படிந்து வந்திருக்கிறது. ஏலூர், எடையார் தொழிற்பேட்டையை ஒட்டிய சேற்றிலும், கொச்சிக் காயலின் வட பகுதியிலும் காட்மியம், துத்தநாகம் முதலிய உலோகங்கள் மிகுந்திருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. எடையாரில் இயங்கிவந்த துத்தநாக ஆலை இப்போது மூடப்பட்டுவிட்டது. ஆனால் சேற்றில் தங்கிய உலோகம் ஆலையோடு மூடப்படுவதில்லை. துத்தநாகத் தாதுவோடு பிறந்த காட்மியம் சிப்பியிலும் மீனின் ஈரலிலும் ஏறி, கடைசியில் மட்டாஞ்சேரி வீடுகளின் குழம்புச் சட்டிக்கும் வந்து சேரக்கூடும். கொதிக்க வைத்தாலும் புளி கரைத்து ஊற்றினாலும் உலோகம் அழியாது.

துவர்ப்பின் வேலை

இந்த நிலையில்தான் "பழம் சாப்பிட்டால் உலோக நஞ்சு முறியும்" என்ற பேச்சு பரவி வருகிறது. இது முற்றிலும் கட்டுக்கதை அல்ல. நெல்லிக்காய், மாதுளை, நாவல், கொய்யா ஆகியவற்றின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களுக்குப் பாலிபீனால்கள் என்று பெயர். இவற்றில் சில, உலோக அணுவை இடுக்கிபோல் கவ்விப் பிடிக்கின்றன. உலோகம் உடலில் கிளப்பிவிடும் ஆக்சிஜன் சிதைவையும் ஓரளவு தணிக்கின்றன. ஈயமோ காட்மியமோ கொடுக்கப்பட்ட எலிகளுக்கு இப்பொருள்களையும் கொடுத்தபோது, ஈரலும் சிறுநீரகமும் குறைவாகவே பழுதுபட்டன.

ஆனால் எலிக்குச் செலுத்தப்பட்டது பெரும்பாலும் செறிவான சாறு. மனிதன் உண்ணும் பழத்திலிருந்து இரத்தத்தில் சேரும் பாலிபீனால் மிகச் சொற்பம். காட்மியமோ சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை தங்கக்கூடியது. அப்படித் தங்கிவிட்டதைப் பழம் வெளியேற்றும் என்பதற்கு மனிதரிடம் உறுதியான சான்று இல்லை.

மற்றொரு சிக்கலும் உண்டு. துவர்ப்புப் பொருள் நஞ்சை மட்டும் கவ்வுவதில்லை. உணவில் உள்ள இரும்புச் சத்தையும் கவ்விக்கொள்ளும். இரும்பு குறைந்த உடல் காட்மியத்தையும் ஈயத்தையும் கூடுதலாக உறிஞ்சும். ஆகவே, சாப்பிட்ட கையோடு கடுந்தேநீர் அருந்தும் பழக்கம், இரத்தசோகை உள்ள பெண்களுக்கு எதிர்விளைவையே தரும். நெல்லியும் கொய்யாவும் நன்மை செய்வதற்கு அவற்றிலுள்ள வைட்டமின் சி ஒரு முக்கியக் காரணம்; அது இரும்பு உடலில் சேர உதவுகிறது. ஈய பாதிப்புக்கு உள்ளான குழந்தைகளுக்குச் சுண்ணாம்புச் சத்தோ இரும்புச் சத்தோ குறைவாக இருந்தால் அதை ஈடுசெய்ய வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

பழக்கூழிலேயே ஈயம்

பழத்தை மட்டும் நம்புவது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அமெரிக்காவில் 2023-இல் நடந்தது ஓர் உதாரணம். குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் கலந்த இலவங்கப்பட்டைத் தூளில் ஈயம் இருந்தது தெரியவந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆப்பிளிலும் பட்டையிலும் பாலிபீனாலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அது அவர்களைக் காக்கவில்லை. நிறத்துக்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் கலக்கும் மோசடி நம் நாட்டிலும் வங்கதேசத்திலும் கண்டறியப்பட்டதுண்டு. மசாலா வாணிபத்துக்குப் பெயர்பெற்ற மட்டாஞ்சேரி இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

யார் பொறுப்பு?

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. மீனின் ஈரல், குடல் ஆகியவற்றையும் கணவாயின் உள்ளுறுப்புகளையும் அறவே நீக்கிவிட வேண்டும். ஒரே இடத்துச் சிப்பியை நாள்தோறும் உண்ணாமல், வெவ்வேறு மீன்களை மாற்றி உண்ணலாம். கீரை, பால், பழம் ஆகியவற்றுக்குத் தட்டில் இடம் வேண்டும்.

ஆனால் இதற்குமேல் குடும்பத்தலைவியிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஏற்றுமதியாகும் கணவாயில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருந்தால் ஐரோப்பா திருப்பி அனுப்பிவிடுகிறது. அதற்கெனச் சோதனைக் கூடங்களும் விஞ்ஞானிகளும் கொச்சியிலேயே இருக்கின்றனர். ஐரோப்பியர் தட்டுக்குக் கிடைக்கும் அந்தச் சோதனை, உள்ளூர்ச் சந்தையில் மீன் வாங்கும் கூலித் தொழிலாளியின் தட்டுக்கும் கிடைக்க வேண்டாமா?

ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்களின் எலும்புகளைக் காட்மியம் நொறுக்கியது. அது சுரங்கக் கழிவால் வந்த நோய் என்று அந்நாட்டு அரசு 1968-இல்தான் ஒப்புக்கொண்டது; அதற்குள் பல உயிர்கள் போய்விட்டன. காயல் மீனையும் சேற்றையும் குறித்த காலத்தில் சோதித்து, முடிவுகளை மலையாளத்திலும் தமிழிலும் சந்தைகளில் எழுதி ஒட்ட அரசு முன்வர வேண்டும். பழம் நல்ல உணவுதான். ஆனால் அது ஆற்றைக் காக்கும் கடமையிலிருந்து எவரையும் விடுவித்துவிடாது.