விரல் வலித்தால் கம்பியை அளந்து பாருங்கள்



டபுள் பேஸ் பழகத் தொடங்கும் சிலர், "விரல் வலிக்கிறது, எனக்கு இது வராது" என்று விட்டுவிடுகிறார்கள். விடுமுன் கம்பியின் உயரத்தைப் பார்ப்போம்.

விரல் பலகையின் கீழ்முனையில் ஸ்கேலை வையுங்கள். எஃகுக் கம்பி என்றால், பலகையிலிருந்து ஜி கம்பி சுமார் 6 மில்லிமீட்டரும், தடித்த ஈ கம்பி 9 அல்லது 10 மில்லிமீட்டரும் உயர்ந்திருந்தால் பொதுவாகப் போதும். அதைவிட மிகவும் கூடினால், குறை உங்கள் விரலில் இல்லை.

நம் ஆக்லாந்துக்கு இருபுறமும் கடல். காற்றில் ஈரம் அதிகம். ஈரத்தில் மரம் உப்பி மேற்பலகை எழும்பும். கம்பியும் கூடவே உயரும். அதற்காக ஹீட்டர் அருகே வைக்காதீர்கள், காய்ந்து வெடித்துவிடும்.

குதிரையின் கால்களில் திருகு சக்கரம் இருந்தால், கம்பிகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். எல்லாக் கம்பிகளையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம்; உள்ளே நிற்கும் சவுண்ட்போஸ்ட் விழுந்துவிடலாம். மிகவும் தாழ்த்தினால் கம்பி பலகையில் தட்டி இரையும். சக்கரம் இல்லையென்றால் குதிரையை நீங்களே சீவாமல், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

அடுத்த பயிற்சிக்கு ஒரு ஸ்கேலோடு வாருங்கள். சேர்ந்தே அளப்போம்.