ஒரு நாள் மதுரையைப் பார்க்கவென்றே போய் வாருங்கள்



எழுமலையிலும் சுற்றுப்பட்டிகளிலும் மதுரைக்குப் போகாதவர் யார்? பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம், கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போகிறோம், கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறோம். வேலை முடிந்தால் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு, உசிலம்பட்டி வழியாக ஊருக்குத் திரும்பிவிடுகிறோம். ஊரைப் பார்ப்பதற்கென்றே போனவர்கள் நம்மில் குறைவு. இந்த விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதற்கென்றே ஒரு நாள் போய் வாருங்கள்.

கோயிலில் தரிசனம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஆயிரங்கால் மண்டபத்துக்குள் பிள்ளைகளை நடக்கவிடுங்கள். அரியநாத முதலியார் 1569-இல் கட்டியதாகச் சொல்லப்படும் அந்த மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள். எண்ணிப் பார்க்கச் சொன்னால் போதும். எண்ணுகிற சாக்கில் யாளியையும் ரதியையும் குறத்தியையும் பார்த்துவிடுவார்கள்.

அங்கிருந்து கீழவாசல் பக்கம் நடந்தால் விளக்குத்தூண். மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து நகரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நட்டது. அந்த வேலையில் அவரோடிருந்த மாரெட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் தெருப் பெயர்களாக இருக்கிறார்கள். கோட்டை போனாலும் வெளிவீதிகள் நான்கும் அதன் எல்லையைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் நிற்கும் பத்துத் தூண்களை அவசியம் பாருங்கள். திருமலை நாயக்கர் அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

1636-இல் எழுந்த அந்த அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது கால்பங்கு அளவே. பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்துக் கொண்டுபோனார். சிதைந்து கிடந்ததைப் பழுதுபார்க்க வைத்தவர், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. கல்லென்று தோன்றும் அந்தப் பெருந்தூண்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. அரண்மனைச் செங்கலுக்கு மண்ணெடுத்த பள்ளம்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமானது என்பார்கள். முக்குறுணி விநாயகர் கிடைத்ததும் அங்கேதான் என்பது ஊர் வழக்கு.

பிறகு ஏ.வி. பாலத்தில் ஏறி வைகையைக் கடந்து வடகரைக்குப் போங்கள். பாலத்துக்கு வயது 130-ஐத் தாண்டிவிட்டது. வடகரையில், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது காந்தி அருங்காட்சியகம். 1959-இல் நேரு திறந்துவைத்தது. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அவர் மேலாடையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறியதும் 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான். இரண்டையும் ஒரே நாளில் பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிற ஊர் மதுரை.

ஊர்க்காரர்களே தங்கள் ஊரைப் பார்க்கப் போவதற்கு ஓர் எடுத்துக்காட்டு: செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடில், சாவா ஆறு தன்யூப்பில் கலக்கும் மேட்டில் ஒரு பழங்கோட்டை இருக்கிறது. பேரரசுகள் மாறி மாறிப் போரிட்டுப் பிடித்த அந்தக் கோட்டையைச் சுற்றி இன்று கலெமெக்தான் என்னும் பூங்கா. சுற்றுலாப் பயணிகளோடு உள்ளூர்க்காரர்களும் அங்கே போய் உட்கார்ந்து ஆறுகள் கூடுவதைப் பார்க்கிறார்கள். நமக்கும் ஆறு இருக்கிறது. அழகர் இறங்கும் நாளில் லட்சக்கணக்கில் அதன் கரையில் நிற்கிறோம்; மற்ற நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுகிறோம். அந்த வைகைத் தண்ணீர் 58 கிராமக் கால்வாய் வழியாக நம் உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களுக்கு வர வேண்டும் என்று எத்தனை ஆண்டுகள் குரல் கொடுத்தோம்! அதன் அருமை தெரிந்தவர்கள் நாம். நகரத்துக்குள் அது சாக்கடையாகக் கிடப்பதைப் பார்த்தும் பேசாமல் வரலாமா?

சொந்தக்காரர்கள் பார்க்காத வீடு பாழாகும். ஊரும் அப்படித்தான். தூணில் பெயர் கிறுக்கக் கூடாது, ஆற்றில் குப்பை போடக் கூடாது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட, அவர்கள் அவற்றை ஒருமுறை நின்று பார்ப்பதே பெரிய பாடம். போய் வந்ததும் எதைப் பார்த்தார்கள், எது பிடித்தது என்று அவர்கள் கையாலேயே எழுதி எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்